சந்தைக்குப் போகாத விளைச்சல்: நிலத்தைப் பேணும் உழவருக்கு அரசு ஏன் பணம் தருகிறது?

ஒரு வயலிலிருந்து என்னென்ன கிடைக்கிறது என்று கேட்டால் தானியம், காய்கறி, பால், வைக்கோல் என்று சொல்லுவோம். அதே வயலிலிருந்து இன்னும் சில விஷயங்களும் கிடைக்கின்றன. பெய்யும் மழையை மண் உறிஞ்சி வைத்துக்கொள்வதால் கீழே இருக்கும் ஊரில் வெள்ளம் குறைகிறது. உயிர்வேலியில் பறவைகள் கூடு கட்டுகின்றன. வரப்போரப் பூக்களுக்கு வரும் தேனீ பக்கத்துத் தோட்டத்துக்கும் போய் அங்கே காய் பிடிக்க வைக்கிறது. மண்ணில் கரிமம் தங்குகிறது. இவையும் விளைச்சல்தான். ஆனால் மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாத விளைச்சல். எடை போட்டு வாங்க அங்கே ஆள் இல்லை.

வாங்க ஆள் இல்லாததை ஒருவர் எத்தனை நாள் விளைவிப்பார்? வரப்போரத்தையும் உழுது விதைத்தால் அறுவடையில் கொஞ்சம் கூடும். பூச்செடிகளுக்காக விட்டுவைத்தால் அந்தக் கொஞ்சம் போகும். நன்மை ஊருக்கு, இழப்பு அவர் ஒருவருக்கு. இந்தக் கணக்கு நேராகாதவரை, எவ்வளவு நல்ல மனம் படைத்த உழவராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் வரப்பை உழத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல நாட்டு அரசுகள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி, ஊர்மக்கள் சார்பில் அந்த விளைச்சலைத் தாங்களே வாங்கிக்கொள்வது. இன்ன வேலையைச் செய்தால், அல்லது இன்னதைச் செய்யாமல் இருந்தால், ஹெக்டேருக்கு இவ்வளவு என்று உழவருடன் ஒப்பந்தம் போடுகிறார்கள். வேளாண் சுற்றுச்சூழல் திட்டங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை இவைதான்.

மானியம் வேறு, இது வேறு

முதலில் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. உரத்துக்கும் விதைக்கும் தள்ளுபடி, விளைபொருளுக்கு உறுதி விலை, நிலம் வைத்திருப்பவருக்கு ஏக்கர் கணக்கில் உதவித்தொகை, இவையெல்லாம் வருமானத்தைத் தாங்கிப்பிடிக்கும் மானியங்கள். சுற்றுச்சூழலுக்கான பணம் ஒரு கொள்முதல். உழவர் விற்கிறார், அரசு வாங்குகிறது. எந்த வயலில், என்ன வேலை, எத்தனை ஆண்டு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். வேலை நடக்காவிட்டால் பணம் கிடையாது. பல திட்டங்களில், வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும் நேரிடும்.

அப்படியானால் எதற்கெல்லாம் விலை கேட்கலாம்? சாணக் கழிவை ஆற்றில் விடாமல் இருப்பதற்கு யாரும் காசு கேட்க முடியாது. அது சட்டம் ஏற்கெனவே விதித்திருக்கும் கடமை. சட்டம் கேட்பது எங்கே முடிகிறதோ, அதற்கு மேலே செய்வதற்குத்தான் விலை. சுவிட்சர்லாந்தில் இந்தக் கோடு இன்னும் மேலே இருக்கிறது. அங்கே எந்த நேரடி உதவித்தொகையும் கிடைக்க வேண்டுமானால், பொதுவாக ஒரு பண்ணை தன் நிலத்தில் குறைந்தது 7 சதவீதத்தைப் பல்லுயிர்களுக்காக ஒதுக்கியிருக்க வேண்டும். கோட்டை எங்கே போடுவது என்பது ஒவ்வொரு நாட்டிலும் அரசியல்தான். மேலே போட்டால் உழவர்கள் கோபப்படுவார்கள், கீழே போட்டால் வரி கட்டுபவர்கள் கோபப்படுவார்கள்.

ஒரு சதுப்பு நிலத்தில் தொடங்கியது

எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் இதன் தத்துவம் நன்றாகப் புரியும். இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில் ஹால்வர்கேட் என்ற பரந்த ஈர மேய்ச்சல் வெளி இருக்கிறது. காலங்காலமாக மாடு மேய்ந்த இடம். 1980களின் தொடக்கத்தில் அங்கிருந்த உழவர்கள் தண்ணீரை வடித்துவிட்டு உழுது கோதுமை போட விரும்பினார்கள். அவர்களுக்கு அதில் நியாயம் இருந்தது. அப்போது ஐரோப்பியப் பொது வேளாண் கொள்கையில் தானியத்துக்கு உறுதி விலை இருந்தது. வடிகால் வெட்டவும் அரசே உதவி செய்தது. மாட்டை வைத்துக்கொண்டிருப்பதால் ஆண்டுக்கு ஆண்டு பணத்தை இழந்துகொண்டிருந்தார்கள்.

1981இல் வந்த வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம் ஒரு வழி சொன்னது: உழாமல் விட்டால் போய்விட்ட லாபத்துக்கு ஈடு தரலாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை. உழப்போகிறேன் என்று சொல்பவருக்குத்தான் பணம். சத்தமில்லாமல் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் இல்லை. அழிக்கப்போவதாக அறிவித்தவருக்கு ஈடும், காத்தவருக்கு வெறுங்கையும்.

1985இல் அதே இடத்தில் வேறு மாதிரி ஒரு சோதனைத் திட்டம் வந்தது. மேய்ச்சலாகவே வைத்திருக்கும் எல்லோருக்கும் ஏக்கருக்கு 50 பவுண்டு. உழுவேன் என்று மிரட்டத் தேவையில்லை. ஏற்கெனவே செய்துவரும் நல்ல வேலையைத் தொடர்ந்தால் போதும். பெரும்பாலான உழவர்கள் சேர்ந்துவிட்டார்கள். அதைப் பார்த்து 1987இல் நாட்டின் வேறு சில பகுதிகளுக்கும் அந்த ஏற்பாட்டை விரித்தார்கள். 1992இல் ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்), எல்லா உறுப்பு நாடுகளும் தங்கள் உழவர்களுக்கு இப்படியொரு திட்டத்தைக் கட்டாயம் வழங்க வேண்டும் என்றே விதி செய்தது. சேருவது மட்டும் உழவரின் விருப்பம்.

விலையை எப்படி முடிவு செய்வது?

சரி, சந்தையில் இல்லாத பொருளுக்கு என்ன விலை வைப்பது? தேனீயின் ஒரு நாள் உழைப்புக்கு எவ்வளவு என்று யார் சொல்வது? பெரும்பாலான அரசுகள் அந்தக் கேள்விக்குள் போவதே இல்லை. அவர்கள் கணக்கிடுவது உழவர் பக்கத்துச் செலவை. இந்த வேலையால் எவ்வளவு வருமானம் போகும், விதைக்கும் ஆள்கூலிக்கும் கூடுதலாக எவ்வளவு ஆகும், இரண்டையும் கூட்டினால் அதுதான் விலை.

இதற்குப் பின்னால் உலக வர்த்தக அமைப்பின் விதியும் இருக்கிறது. 1995இல் நடைமுறைக்கு வந்த வேளாண் ஒப்பந்தத்தில், வர்த்தகத்தைக் குலைக்காதவை என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட உதவிகளின் பட்டியல் ஒன்று உண்டு. பச்சைப் பெட்டி என்பார்கள். சுற்றுச்சூழல் திட்டப் பணம் அந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டுமானால், கூடுதல் செலவுக்கும் இழந்த வருமானத்துக்கும் மேல் போகக்கூடாது.

கேட்க நேர்மையாக இருக்கும் இந்தச் சூத்திரத்தில் ஒரு கோணல் ஒளிந்திருக்கிறது. மலைச்சரிவில் ஏழை மண்ணில் ஆடு மேய்ப்பவரின் வருமானமே சொற்பம். ஆகவே அவர் இழக்கும் வருமானமும் சொற்பம், கிடைக்கும் விலையும் சொற்பம். ஆனால் ஆறுகள் பிறப்பதும், அரிய செடிகள் பிழைத்திருப்பதும் பல இடங்களில் அவருடைய மேய்ச்சலில்தான். இன்னொரு பக்கம், கொழுத்த சமவெளி மண்ணில் கோதுமை போடுபவருக்கு இதே சூத்திரம் தரும் சராசரி விலை கட்டுபடியாகாது. அவர் சேரவே மாட்டார். யாருடைய நிலத்தில் மாற்றம் அதிகம் தேவையோ அவர் வெளியே நிற்கிறார். ஏற்கெனவே காத்துவருபவர் குறைந்த விலை வாங்குகிறார். என் பார்வையில் இந்தத் திட்டங்களின் ஆகப்பெரிய குறை இதுதான். மற்றவற்றை அதிகாரிகளால் திருத்த முடியும். இது கணக்கின் அடியிலேயே இருக்கிறது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1985இல் அங்கே தொடங்கிய பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம், அரிப்புக்கு ஆளாகும் நிலத்தைப் பயிரிடுவதிலிருந்து விலக்கி, 10 முதல் 15 ஆண்டு புல்லோ மரமோ வளர்க்க வாடகை தருகிறது. 1930களில் உழுது கலைத்த சமவெளி மண் புழுதிப் புயலாகக் கிளம்பியதைப் பார்த்த நாடு அது. அந்தத் திட்டத்தின் பெரும்பகுதியில் உழவர்கள் ஏலம் கேட்கிறார்கள், தலைகீழ் ஏலம். குறைந்த வாடகைக்கு அதிக நன்மை தரக்கூடிய நிலத்துக்கு முன்னுரிமை. மண் அரிப்பு, நீரின் தரம், காட்டுயிர் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சீனாவில் பணத்தோடு தானியத்தையே கொடுத்தார்கள். 1998இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம். மேலே செங்குத்துச் சரிவுகளை உழுது மண் கரைந்ததும் ஒரு காரணம் என்று முடிவுக்கு வந்து, 1999இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். 25 பாகைக்கு மேல் சரிவான வயல்களை மரத்துக்கு விட்டால், யாங்சிப் படுகையில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,250 கிலோ தானியம், மஞ்சள் ஆற்றுப் படுகையில் 1,500 கிலோ. வயலை விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பவரிடம் பண நோட்டைவிட இது நேரான பதில். கோஸ்டா ரிகா 1997இலிருந்து காட்டை வைத்திருப்பவர்களுக்குப் பணம் தருகிறது. அதில் ஒரு பங்கு எரிபொருள் வரியிலிருந்து வருகிறது.

வேலைக்குப் பணமா, பலனுக்குப் பணமா?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெரும்பாலான திட்டங்கள் வேலைக்குத்தான் பணம் தருகின்றன. வானம்பாடித் திட்டு ஒரு நல்ல உதாரணம். இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமை வசந்தத்தில் அடர்ந்து உயர்ந்துவிடும். வானம்பாடியால் அதற்குள் இறங்கி இரை தேட முடியாது. ஆகவே விதைக்கும்போதே, விதைப்புக் கருவியைச் சில மீட்டருக்கு நிறுத்தி, 16 சதுர மீட்டர் அளவில் வெற்றிடம் விடச் சொல்கிறார்கள். ஹெக்டேருக்கு இரண்டு. பறவை வந்து இறங்க ஒரு முற்றம் போல. விளைச்சலில் போவது மிகக் கொஞ்சம். திட்டு இருக்கிறதா, அளவு சரியா என்று அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போகலாம். வானம்பாடி வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்தில் பரென் என்று ஒரு சுண்ணாம்புப் பாறை நிலம். அங்கே வழக்கம் தலைகீழ். மாடுகளைக் குளிர்காலத்தில்தான் மேட்டுக்கு ஓட்டுவார்கள். அவை காய்ந்த புல்லை மேய்ந்து தீர்த்துவிடுவதால், வசந்தத்தில் பாறை இடுக்கெங்கும் காட்டுப்பூக்கள் வெளிச்சம் கண்டு மலரும். பிறகு பசும்புல்லைக் காற்றுப் புகாமல் புளிக்கவைத்த ஊறல் தீவனத்தைக் கொட்டிக் குளிர்காலத்தைக் கடத்தும் பழக்கம் வந்தது. மாடுகள் தீவனத்தொட்டியைச் சுற்றியே நின்றன. மேயாத மேட்டில் காய்ந்த புல் மெத்தையாகப் படிந்தது, புதர் ஏறியது. இங்கே இயற்கையைக் கெடுத்தது மேய்ச்சல் குறைந்ததுதான். நிலத்தைச் சும்மா விட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை பரென் கதையைக் கேட்க வேண்டும்.

அங்கே 2010இல் தொடங்கிய திட்டம் ஒவ்வொரு புல்வெளிக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டது. பூச்செடிகள் எப்படி இருக்கின்றன, மேய்ச்சல் அளவாக இருக்கிறதா, நீர்நிலையருகே மண் கலங்கியிருக்கிறதா, புதர் பரவுகிறதா என்று பார்த்து எண் கொடுப்பார்கள். மதிப்பெண் ஏற ஏறப் பணமும் ஏறும். மிகக் குறைந்த எண் வாங்கினால் ஒன்றும் கிடைக்காது. எப்படிச் செய்வது என்பதை உழவரிடமே விட்டுவிட்டார்கள். புதர் வெட்டவும் தண்ணீர்த் தொட்டி வைக்கவும் கற்சுவர் சீராக்கவும் தனியாக உதவி உண்டு.

இதில் நடந்த முக்கியமான மாற்றம் பணத்தில் இல்லை. உழவர் தன் வயலைப் பார்க்கும் விதம் மாறியது. போன ஆண்டு 6, இந்த ஆண்டு 7, அந்த ஒரு எண் எதனால் கூடியது என்று அவரே யோசிக்க ஆரம்பித்தார். விதிப்புத்தகம் சொன்னதைச் செய்பவராக இருந்தவர், தன் நிலத்தைப் பற்றித் தன்னைவிட யாருக்குத் தெரியும் என்ற இடத்துக்குத் திரும்பிவந்தார்.

பலனுக்குப் பணம் என்பதை எல்லா இடத்திலும் வைக்க முடியாதுதான். மழை பொய்த்த ஆண்டில் பூ குறைந்தால் உழவர் என்ன செய்வார்? மண்ணில் சேரும் கரிமத்தை ஒவ்வொரு வயலிலும் அளக்க ஆகும் செலவு, தரும் பணத்தையே தின்றுவிடும். ஆகவே இரண்டையும் கலந்து அடிப்படைக்கு ஒரு தொகை, பலனுக்கு ஒரு தொகை என்று பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் இன்னொரு சிக்கல். பறவைக்கு வயல் எல்லை தெரியாது. நடுவில் ஒருவர் மட்டும் தாமதமாகப் புல் அறுத்து, சுற்றிலும் எல்லோரும் முன்பே அறுத்துவிட்டால் குஞ்சுகள் பிழைக்காது. நெதர்லாந்தில் இந்தத் திட்டங்களைச் சோதித்து 2001இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, ஒப்பந்த வயல்களில் பறவைகள் கூடவில்லை என்று காட்டியது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. 2016 முதல் அந்த நாடு தனி உழவரோடு ஒப்பந்தம் போடுவதை விட்டுவிட்டது. வட்டார உழவர் கூட்டமைப்புகளோடுதான் ஒப்பந்தம். யார் வயலில் என்ன என்பதைக் கூட்டமைப்பு தனக்குள் பேசி முடிவு செய்துகொள்கிறது. நாடு முழுக்க 40 கூட்டமைப்புகள் இருந்தன.

எங்கே தவறுகிறது?

எப்படியும் நடந்திருக்கும் வேலைக்குப் பணம் போவது முதல் ஆபத்து. இங்கிலாந்தில் 2005இல் வந்த தொடக்கநிலைத் திட்டம் ஹெக்டேருக்கு 30 பவுண்டு என்று எளிமையாக வைத்தது. நிறையப் பேர் சேர்ந்தார்கள். ஆனால் பட்டியலில் இருந்த வேலைகளில், தாங்கள் முன்பே செய்துகொண்டிருந்த வேலி பராமரிப்பு போன்றவற்றைத்தான் பலர் தேர்ந்தெடுத்தார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. ஹால்வர்கேட் கதையை நினைத்துப் பார்த்தால் இதை முழுக்கக் குற்றமாகச் சொல்ல முடியவில்லை. ஏற்கெனவே காப்பவருக்குத் தராமல், புதிதாகச் செய்பவருக்கு மட்டும் தந்தால், பழைய அநியாயம் திரும்ப வரும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் தேட வேண்டியிருக்கிறது.

சந்தை விலை ஏறுவது இரண்டாவது. அமெரிக்கத் திட்டத்தில் 2007இல் ஏறத்தாழ 3.7 கோடி ஏக்கர் இருந்தது. பிறகு மக்காச்சோளம், சோயா விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்தவுடன் பலர் மறுபடி உழுதார்கள். அரசும் மொத்தப் பரப்புக்கான உச்சவரம்பைக் குறைத்தது. 2015இல் 2.5 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. பத்தாண்டு வளர்ந்த புல்வேர் கட்டிவைத்த மண்ணைக் கலைக்க ஒரு பருவ உழவு போதும்.

மூன்றாவது, அரசே பின்வாங்குவது. இதற்கு அண்மைய உதாரணமும் இங்கிலாந்துதான். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய 2020இலேயே வேளாண் சட்டம் ஒன்று வந்தது. பொதுப்பணம் பொதுநன்மைக்கே என்பது அதன் அடிநாதம். ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பதற்காகவே கிடைத்துவந்த தொகையைப் படிப்படியாக நிறுத்தி, அந்தப் பணத்தைச் சுற்றுச்சூழல் வேலைகளுக்குத் திருப்புவது என்று முடிவானது. ஆண்டுக்குச் சுமார் 240 கோடி பவுண்டு சம்பந்தப்பட்ட விஷயம். இவ்வளவு பெரிய மாற்றத்தைத் துணிந்து செய்த நாடுகள் குறைவு, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

புதிய ஏற்பாட்டின் முதல் படி 2022இல் திறந்த நீடித்த வேளாண்மை ஊக்கத்தொகை. பூச்சிக்கொல்லி தெளிக்காத பயிருக்கு ஹெக்டேருக்கு 45 பவுண்டு, குளிர்காலத்தில் பலவகை மூடுபயிர் போட்டால் 129 பவுண்டு என்று விலைப்பட்டியலே இருந்தது. கடைப் பட்டியல் போல வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். சிலர் பண்ணை முழுவதையும் பயிர் செய்யாத வேலைகளுக்கே கொடுத்துவிட முடிந்ததால், 2024இல் ஆறு வேலைகளுக்குப் பண்ணையில் 25 சதவீதம்தான் என்று வரம்பு வைத்தார்கள். பிறகு 2025 மார்ச் 11 அன்று, ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, புதிய விண்ணப்பங்களை முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தினார்கள். பழைய தொகை வேகமாகக் குறைந்துவந்த நேரம் அது. புதியதை நம்பி விதை வாங்கவும் பயிர்த் திட்டத்தை மாற்றவும் தயாராகிக்கொண்டிருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். ஒப்பந்தம் கையில் இருந்தவர்களுக்குப் பணம் தொடர்ந்தது. ஆனாலும் அந்த ஒரு நாள் உழவர்கள் மனதில் உண்டாக்கிய சந்தேகம் எத்தனை ஆண்டு நிற்குமோ என்று கவலையாக இருக்கிறது. நிலத்தோடு போடும் ஒப்பந்தத்தில் வாங்குபவரின் சொல்லும் ஒரு மூலதனம்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு, சர்ல் பன்டிங் என்ற சின்னப் பறவையைச் சொல்ல வேண்டும். சிட்டுக்குருவி அளவு இருக்கும், ஆண் பறவைக்கு மஞ்சள் முகத்தில் கறுப்புக் கோடு. ஒருகாலத்தில் தெற்கு இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. 1989இல் எண்ணியபோது 118 ஜோடி மட்டும், ஏறக்குறைய எல்லாமே டெவன் மாவட்டத்தின் தென்பகுதியில். அதற்குக் குளிர்காலத்தில் அறுவடைக்குப் பிந்தைய அரிதாள் வயலில் சிந்திய மணியும் களைவிதையும் வேண்டும். கூட்டுக்கு அடர்ந்த வேலி வேண்டும். குஞ்சுகளுக்குப் புல்வெளி வெட்டுக்கிளி வேண்டும். எல்லாமே நடந்து போகிற தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பறவை அதிகம் இடம் மாறாது. உழவர்களோ வாற்கோதுமையை அறுத்த கையோடு உழுது அடுத்ததை விதைத்துவிடும் காலம் அது. அரிதாளை அப்படியே குளிர்காலம் முழுக்க விட்டுவைத்தால் பணம் என்று தனி ஏற்பாடு செய்தார்கள். பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆட்கள் பண்ணை பண்ணையாகப் போய்ப் பேசினார்கள், படிவம் நிரப்ப உதவினார்கள்.

முதல் சில ஆண்டுகளில் எண்ணிக்கை மெல்லத்தான் கூடியது. ஒப்பந்தங்கள் முடிந்து புதுப்பிக்கப்பட்டன, திட்டத்தின் பெயர் மாறியது, அரசுகள் மாறின. அரிதாள் மட்டும் குளிர்காலம் தவறாமல் வயலில் நின்றது. 2016இல் எண்ணியபோது 1,078 ஜோடி. இடையில் 27 ஆண்டுகள். நிறுத்தப்பட்ட அந்த ஊக்கத்தொகையில் பெரும்பாலான ஒப்பந்தங்களின் காலம் 3 ஆண்டு.